நாகலிங்கம் நிறுத்திய இடம்

"ஆளே இல்லாத அறையில யாரைச் சிரிக்க வைக்கிறது, வாத்தியாரம்மா?"

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நாகலிங்கம் கேட்டார்.

மங்களேஸ்வரி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பல வருஷமாக வானொலி நாடகத்தில் பேசுகிறவள். நாகலிங்கம் அவளைவிட மூத்தவர். திருவிழா மேடைகளில் பெரிய பெரிய கூட்டத்தைச் சிரிக்க வைத்தவர். ஆனால் வானொலிக்குப் புதிது.

நிலையத்தில் யாருக்கு எது வராவிட்டாலும் அவளிடம்தான் அனுப்புவார்கள். வெங்காயத்தைக்கூட நிம்மதியாக உரிக்க விடுவதில்லை.

"என்ன ஆச்சு அண்ணே?"

"நேத்து நேரடி ஒலிபரப்பு. முதல் ஜோக்கைச் சொன்னேன். சொல்லிட்டு நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? ஜனம் சிரிக்க வேணாமா? மேடையில அப்படித்தானே? சிரிச்சு அடங்கினப்புறம்தான் அடுத்தது."

"சரி."

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிபரப்பைக் கவனிக்கிறவரு, லைன் போயிடுச்சுன்னு நினைச்சு நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டுட்டாரு. என் நேரம் முழுக்க நாதஸ்வரம். கல்யாண வீடு மாதிரி இருந்துச்சுங்கறா என் சம்சாரம்."

மங்களேஸ்வரி சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பேசச் சொல்லியிருக்காங்க. அதுவும் சொதப்பினா இனிமே கூப்பிட மாட்டாங்க. எங்கே நிறுத்தணும், எவ்வளவு நேரம் நிறுத்தணும், அதை மட்டும் சொல்லிக் கொடுங்க."

"பேசுங்க, கேக்கறேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாமியார் வீட்டுக்குப் போனேன். 'வெக்கப்படாம இன்னொரு தோசை சாப்பிடுங்க மாப்பிள்ளை, இன்னைக்கு நாய் வரலை'ன்னாங்க."

நிறுத்தினார்.

"அண்ணே, அந்த முறத்தை இப்படித் தள்ளுங்க."

தள்ளினார்.

"சரின்னு சாப்பிட்டேன். வாசல்ல நாய் வந்து நின்னுச்சு. மாமியார் அதைப் பார்த்து, 'கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா'ன்னாங்க."

நிறுத்தினார்.

"பருப்புக்குத் தண்ணி ஊத்தினேனா, இல்லையா?"

நாகலிங்கம் பல்லைக் கடித்தார்.

"மறுநாள் நானும் நாயும் ஒண்ணா உட்கார்ந்தோம். முதல் தோசை அதுக்கு."

நிறுத்தினார்.

"கொடியில துணி காஞ்சிருச்சான்னு பாருங்களேன்."

"ஏம்மா! நான் வாயை மூடினா போதும், நீங்க ஆரம்பிச்சிடறீங்க!"

"ரேடியோ கேக்கற வீடும் அப்படித்தான் அண்ணே. ஒருத்தர் வாயை மூடினா இன்னொருத்தர் திறப்பாங்க."

"அப்ப நிறுத்தவே கூடாதா? மூச்சு விடாம ஒப்பிக்கணுமா? இந்தாங்க, கேட்டுக்குங்க!"

அவளைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஆரம்பித்தார். மாமியார், தோசை, நாய், இரண்டாவது மாப்பிள்ளை, அவனைக் கண்டதும் நாய் எழுந்து இடம் விட்டது, எல்லாவற்றையும் ஆத்திரத்தோடு கொட்டினார். மங்களேஸ்வரி பருப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள். அதையும் அவர் கவனிக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்தது.

ஒரு பெண் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், இன்னும் பலமாகச் சிரித்தாள்.

நாகலிங்கம் சட்டென்று நின்றார். சுவரில் காதை வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று அடுப்படியிலிருந்து மங்களேஸ்வரியின் குரல் வந்தது.

"பக்கத்து வீட்டுல சிரிக்கிறாங்க வாத்தியாரம்மா! எந்த இடத்துக்குச் சிரிச்சாங்கன்னு தெரியல. கொஞ்சம் கேட்டுக்கறேன்."

"நல்லாக் கேளுங்க. இப்ப என்ன பண்றாங்க?"

அவர் கேட்டார். சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது.

"என்ன பண்றாங்க அண்ணே?"

"குழாயில தண்ணி வந்துடுச்சான்னு யாரையோ கேக்கறாங்க."

சொன்ன வாயை மூடாமலே, நாகலிங்கம் அவசர அவசரமாக அடுத்த வரியைத் தொடங்கினார்.