கொடி ஊஞ்சலும் மணல் படுக்கையும்

செவத்தி என்கிற முயல் தன் குட்டியோடு மலையடிவாரக் காட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முந்தின மழையில் நனைந்ததில் குட்டிக்குக் காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதித்தது. இன்னொரு முறை நனைந்தால் பிழைக்காது. மேற்கே மேகமோ திரண்டுகொண்டே வந்தது.

மரத்திலிருந்து தொப்பென்று குதித்தது ஒரு குரங்கு. “படுக்க இடமா தங்கச்சி? கொடியை முடைஞ்சு ஊஞ்சல் கட்டித் தரேன். எறும்பு இல்லை, ஈரம் இல்லை. ராணி மாதிரி ஆடிக்கிட்டே தூங்கலாம்!”

“ஆடு, ஆடு! அடியில காத்து புகுந்து முதுகு விறைச்சுப் போகும்!” என்றபடி புதரிலிருந்து முள்ளம்பன்றி வந்தது. “தரையில சருகைப் பரப்பிப் படு தாயி. உருண்டாலும் விழ மாட்டே.”

“பாம்பு வந்தா?” என்றது குரங்கு.

“என் முள்ளைப் பார்த்துமா வரும்?”

“உன்கிட்ட வராதுடா. குட்டிகிட்ட வருமே!”

செவத்திக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. “நீங்க படுக்கிற இடத்தைக் காட்டுங்க அண்ணே” என்றது.

குரங்கு தன் ஊஞ்சல் தொங்கிய ஒரு நீண்ட கிளையைக் காட்டியது.

“இதுல ஒரு இலைகூட இல்லையே?”

“அதான் வசதி! மூஞ்சியில எதுவும் உரசாது.”

முள்ளம்பன்றி ஒரு மணல் பள்ளத்தைக் காட்டியது. மெத்தென்றுதான் இருந்தது.

“ஓரத்துப் புதர் மேலெல்லாம் சுள்ளி சிக்கியிருக்கே?”

“காத்து கொண்டுவந்து போட்டிருக்கும், விடு!”

செவத்தி விடவில்லை. மேட்டில் ஏறித் தேடியது. அங்கே குடைபோல ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் இரண்டு பச்சை மரங்கள். தரையில் மட்டும் கட்டெறும்பு மொய்த்தது.

“அண்ணே, இங்கே தாழ்வா ஒரு ஊஞ்சல் கட்டுங்க. முள்ளண்ணே, அதுல பரப்பக் கொஞ்சம் சருகு கொடுங்க.”

“இந்தக் குட்டை மரத்துலயா? என் மானமே போச்சு!” என்று முனகிக்கொண்டே குரங்கு கட்டியது.

“ஊஞ்சலுக்குச் சருகு மெத்தையா! கலிகாலம்!” என்று முள்ளம்பன்றி சிரித்தது. இரண்டும் தத்தம் இடத்துக்குப் போய்விட்டன.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. குரங்கின் ஊஞ்சல் தொங்கிய பட்ட கிளை மளாரென்று முறிந்தது. மணல் பள்ளம் ஓடையாய்ப் பெருக்கெடுத்தது.

விடிந்ததும் குட்டி கண் திறந்தது. “அம்மா, பசிக்குது!” செவத்தி தொட்டுப் பார்த்தது. காய்ச்சல் விட்டிருந்தது.

கீழே குரங்கு இடுப்பைப் பிடித்தபடி நொண்டி வந்தது. சொட்டச் சொட்ட நனைந்த முள்ளம்பன்றியைப் பார்த்ததும் வலி மறந்து கத்தியது. “தரையில படுத்தா இதான் கதி!”

“உன் இடுப்பைக் கேளு, ஊஞ்சல் கதையை அது சொல்லும்!”

“ஊஞ்சலும் தப்பில்லை, தரையும் தப்பில்லை” என்றது செவத்தி. “அண்ணே, நீங்க இலையில்லாத பட்ட மரத்துல கட்டினீங்க. முள்ளண்ணே, வெள்ளம் புதர்ல சுள்ளியை விட்டுட்டுப் போன தடத்துல படுத்தீங்க. அதான் தப்பு.”



எந்தப் படுக்கை உசத்தி என்று வாதாடி ஜெயிப்பதைவிட, படுக்கும் இடத்தைக் கண் திறந்து பார்ப்பதே உயிரைக் காக்கும்.