எப்ப போவீங்க?

ஜெனிற்றாவிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் வயதில் மூத்தவர் ரோஸ்லெட் டீச்சர்தான். ஜெனிற்றாவுக்கே இன்னும் முப்பது ஆகவில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில், வைத்து வளர்க்க ஆளில்லாத சிறுபிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை அவள் நடத்திவந்தாள். அவளும் அதே இல்லத்தில் வளர்ந்தவள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு சபையார் குழுவாக வந்திருந்தார்கள். பலூன், வண்ணப் பென்சில், பொம்மலாட்டத் துணி எல்லாம் பெட்டி பெட்டியாக இறங்கின. பயணத்துக்குச் சீஷத்துவப் பயணம், அதாவது சீடராகும் பயணம், என்று பெயர். எல்லோருடைய டீ-சர்ட் முதுகிலும் அந்தப் பெயரே அச்சாகியிருந்தது. யாருக்குச் சீஷர் என்று மட்டும் யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

ரோஸ்லெட் டீச்சர் யோசித்தார். முதல் நாளே ஜெனிற்றாவிடம் போனார்.

"இந்த ஒரு வாரம் நான் உங்க சீஷி. என்ன சொன்னாலும் செய்வேன்."

"என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

"வடிவா யோசிச்சிச் சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் சிரித்தார்.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வந்தவர் ஒரு பிள்ளையைத் தூக்குவதற்கு முன் பிள்ளை கேட்கும்: "நீங்க எப்ப போவீங்க?" நாளைச் சொன்ன பிறகுதான் தூக்கலாம். போன வருஷத்துக்குப் பிறகு ஜெனிற்றா பழக்கிவைத்தது.

பாஸ்டர் வில்பிரட்டுக்கு முகம் சுண்டிவிட்டது. "இன்னும் செருப்பக்கூடக் கழத்தல்ல. அதுக்குள்ள எப்ப போவேன்னு கேக்குதே!" ஆனாலும் அவரும் மற்றவர்களும் "ஞாயிற்றுக்கிழமை" என்று சொல்லிவிட்டார்கள்.

டீச்சரிடம் வந்தவள் சதுர்ஷா. ஐந்து வயது. இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டே கேட்டாள்.

டீச்சருக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"நான் போவ மாட்டேன் மக்ளே. உன்கூடத்தான் இருப்பேன்."

சதுர்ஷா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு இறங்கவே இல்லை. டீச்சரின் தட்டில் சாப்பிட்டாள், டீச்சரின் மடியில் தூங்கினாள்.

"எவ்வளவு பாசமான பிள்ள, பாருங்க" என்று பாஸ்டர் செல்போனை எடுத்தார்.

"படம் வேணாம் பாஸ்டர்" என்றாள் ஜெனிற்றா. "ஆரு தூக்கினாலும் இவள் இப்பிடித்தான். ஆரு போனாலும் அழமாட்டாள், கோவிக்கமாட்டாள். அடுத்த வேன் வந்தா அதில இறங்கிறவங்கட கழுத்தக் கட்டுவாள்."

"நல்ல குணம்லா அது?" என்றார் டீச்சர்.

"எனக்கு அதுதான் டீச்சர் பயம்."

பயப்பட இதில் என்ன இருக்கிறது? டீச்சருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததை அப்படியே விட்டுவிடுகிற ஆளும் அல்ல அவர். ஜெனிற்றா பாத்திரம் கழுவும் இடத்துக்கே வந்து நின்றார்.

"ஒரு வாரம்னாலும் அன்பு அன்புதானே? இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

"அன்பப் பத்தி நான் கதைக்கல்ல. நீங்க அவளுக்குச் சொன்ன பதிலப் பத்திக் கதைக்கிறன்."

"சின்னப் பிள்ளைட்ட அப்படித்தான் சொல்லுவோம். நிலாவப் பிடிச்சுத் தாரேன்னு சொல்லுவோம்லா? அது பொய்யா?"

"நிலா வந்து அவளோட ஒரு வாரம் படுத்து எழும்பிட்டுப் போகல்லயே டீச்சர்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு மனசு கல்லு."

"ஓம்" என்றாள் ஜெனிற்றா. கழுவிய சட்டியைக் கவிழ்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகள் பாயில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். வேனில் பெட்டிகள் ஏறின.

"சத்தங்காட்டாம கிளம்பிருவோம்" என்று பாஸ்டர் எல்லோரிடமும் கிசுகிசுத்தார். "போன வருஷமும் அப்படித்தான் போனோம். அழுகையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கேட் பூட்டியிருந்தது. பூட்டுக்கு முன்னால் ஜெனிற்றா நின்றிருந்தாள். சாவி அவள் கையில் இருந்தது.

"டீச்சர் சதுர்ஷாட்டச் சொல்லிப்போட்டு வரட்டும். பிறகு திறக்கிறன்."

"பிளைட்டுக்கு நேரமாகுது சிஸ்டர்."

"அப்ப டீச்சர் கெதியா நடக்கட்டும்."

"நாங்க ஊழியத்துக்கு வந்தவங்க. எங்கள அடைச்சா வைக்கிறீங்க?"

"ஓம் பாஸ்டர்."

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

"அடுத்த வருஷம் இந்தப் பக்கமே வரமாட்டோம், தெரியுமா?"

"நல்லம். அதையும் புள்ளைகள எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க. ஒருத்தரும் உங்கள வழிபாத்திட்டு இரிக்கமாட்டாங்க."

டீச்சர் வேனிலிருந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"தூங்குற பிள்ளைய எழுப்பி அழவைக்கணுமா? இது என்ன நியாயம்?"

"தானா எழும்பினா உங்களத் தேடுவாள் டீச்சர். கட்டிலுக்குக் கீழ பாப்பாள். குளியலறையில பாப்பாள். பிறகு தேடுறத விட்டுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி விளையாடுவாள். நான் நிறையப் பாத்திட்டன். நானும் அப்பிடித்தான் தேடினன்."

டீச்சரிடம் அதற்கும் ஒரு பதில் இருந்தது. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

சதுர்ஷா கவிழ்ந்து படுத்திருந்தாள். டீச்சர் பக்கத்தில் முழங்காலிட்டு முதுகைத் தட்டினார். பிள்ளை கண் விழித்ததும் சிரித்தது. கைகளை உயர்த்தியது.

"மக்ளே, நான் போயிட்டு..."

"வாரேன் எண்டு முடிக்காதீங்க" என்று வாசலிலிருந்து ஜெனிற்றாவின் குரல் வந்தது. "திரும்பி வருவீங்களா?"

டீச்சர் தன் வாழ்நாளில் யாரிடமும் போகிறேன் என்று சொல்லி வீட்டைவிட்டு இறங்கியதில்லை. சாவு வீட்டிலிருந்துதான் சொல்லாமல் கிளம்புவார்கள், மற்ற இடங்களில் வருகிறேன் என்றுதான் சொல்வார்கள்.

"நான் போறேன் மக்ளே" என்றார். "ஊருக்குப் போறேன். திரும்ப வரமாட்டேன். போவ மாட்டேன்னு உன்கிட்ட நான் சொன்னது பொய்."

சதுர்ஷாவின் கைகள் அப்படியே நின்றன. முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது. அது போக நேரம் எடுத்தது.

பிறகு அடித்தாள். முதல் அடியில் டீச்சரின் மூக்குக்கண்ணாடி பறந்தது. அடுத்தது கன்னத்தில் நகமாக இறங்கியது. டீச்சர் பிடிக்கப் போன கையைக் கடித்தாள்.

"பொய்க்காரி! போ! போடி, போ!"

மற்றப் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்தார்கள். வெளியே வேன் ஹாரன் அடித்தது. டீச்சர் முழங்காலிட்டபடியே இருந்தார். முகத்தைத் திருப்பவில்லை. சதுர்ஷாவுக்குக் கை சோர்ந்து, பாயை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, உள்ளேயிருந்து கத்தத் தொடங்கிய பிறகுதான் எழுந்தார்.

கேட்டடியில் ஜெனிற்றா பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். டீச்சர் கடிபட்ட கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாத்தீங்களா? எவ்வளவு பாசமா இருந்த பிள்ள! இப்ப என்னை வெறுக்கா. இதத்தான கேட்டீங்க? சந்தோஷமா உங்களுக்கு?"

உள்ளேயிருந்து சத்தம் ஓயாமல் வந்தது. பொய்க்காரி, பொய்க்காரி. ஜெனிற்றா அதைக் கேட்டபடியே பூட்டைக் கழற்றினாள். பிறகு கேட்டை அகலத் திறந்தாள்.

"இவளிட்டயிருந்து எத்தனையோ பேர் போயிட்டாங்க டீச்சர். அவள் கோவிச்சு அடிக்க, கை எட்டுற தூரத்தில நிண்டது நீங்க மட்டும்தான்."