கீழே இறங்கி வந்த பொத்தான்

ஒரு கைப்பேசித் திரைக்குள்ளே ஒரு காலத்தில் ஒரு குட்டி ஊர் இருந்தது. பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் மார்த்தாண்டத்து மெஸ் ஒன்றுக்காக, ரெக்ஸ்லின் என்கிற பையன் அந்த ஊரைக் கட்டிக்கொண்டிருந்தான். பூண்டுக் குழம்போ சுறாப்புட்டோ வேண்டுமென்றால் திரையைத் தொட்டால் போதும், வீடு தேடி வந்துவிடும்.

ஊரில் எல்லாருக்கும் இடத்துக்காகத்தான் சண்டை. மேலே இருந்தால் மரியாதை என்பது அவர்கள் எண்ணம். உச்சியில் விளம்பரப் பலகை பட்டுப்புடவை மாதிரி பளபளத்துக்கொண்டு, இன்று பாயசம் இலவசம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், வலது மூலையில், பச்சை நிற ஆர்டர் பொத்தான். கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி கிடைத்தவரைப் போல அது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. திரையின் அடிமட்டத்தில் நிபந்தனைகள் என்கிற சாம்பல் நிற வரி மட்டும் தனியாகக் கிடந்தது. அதை யாரும் படித்ததே இல்லை. செருப்பு விடுகிற இடம் என்று பலகை அந்த மூலையைக் கேலி செய்யும். பொத்தானும் சேர்ந்து சிரிக்கும்.

ரெக்ஸ்லின் மேசைமுன் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கைப்பேசியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல்லாம் அழகாக இருந்தது. தெரிந்த அக்கா ஒருத்திக்கு அனுப்பி, சாப்பாடு வாங்கிப் பார்க்கச் சொன்னான்.

அந்த அக்கா பெயர் ஷைனி. தலைப்பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். கணவன் குவைத்தில். சமைத்துப் போடவேண்டிய அம்மா அடுத்த அறையில் காய்ச்சலில் படுத்திருந்தாள். காலையிலிருந்து அழுத குழந்தை அப்போதுதான் அவளுடைய வலது கையில் தூங்கியிருந்தது. தலை நிற்காத பிள்ளை. அசைக்கவே அவளுக்குப் பயம். மூச்சு வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டாள். காலையில் சாப்பிட்டது ஒரு ரஸ்க். பிள்ளை எழுந்ததும் பாலுக்குத் தேடும், தன் வயிறு காய்ந்திருந்தால் பால் எங்கே ஊறும் என்கிற கவலை வேறு. இடது கையால் மெல்லக் கைப்பேசியை எடுத்தாள்.

அவளுடைய கட்டைவிரல் ஊருக்குள் நுழைந்தது. முதலில் நிபந்தனை வரியிடம்தான் வந்து நின்று, ஆர்டர் பொத்தான் வீடு எங்கே என்று கேட்டது. வலது மூலை, உச்சியில் என்று வரி வழி சொன்னது. விரல் அண்ணாந்து பார்த்தது. எம்பியது, எட்டவில்லை. இன்னும் எம்பியபோது பலகைமேல் பட்டுவிட்டது. அவ்வளவுதான், பலகை திரை முழுக்க விரிந்துகொண்டு பாயசத்தின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தது. ஒருவழியாக அதை மூடிவிட்டு விரல் மறுபடி எம்பியது.

"கொஞ்சம் கீழே இறங்கி வரக்கூடாதா?" என்று கெஞ்சியது.

"இது எனக்குக் கொடுத்த இடம். வேண்டியவங்கதான் ஏறி வரணும்" என்றது பொத்தான்.

விரல் கடைசியாக ஒருமுறை எம்பியபோது கைப்பேசி நழுவியது. குழந்தையின் தலைக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை, தலையணையில் போய் விழுந்தது. பிள்ளை திடுக்கிட்டுக் கைகளை விரித்தது, பிறகு அடங்கியது. ஷைனிக்கு உயிர் போய் உயிர் வந்தது. கைப்பேசியை இனித் தொடவே துணிவில்லாமல், பக்கத்திலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

தலையணையில் மல்லாந்து கிடந்த பொத்தானுக்கு ஷைனியின் முகம் நேராகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை எழுந்து சப்பிப் பார்த்தது. போதவில்லை, வீரிட்டது. நான் என்ன செய்வேன் மக்களே என்று பிள்ளையைப் பார்த்து அவளும் கூட அழுதாள். சோறு கேட்டு வந்தவளைத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டோமே என்று பொத்தானுக்கு உட்கார்ந்த இடம் குத்தியது.

சாயங்காலம் ரெக்ஸ்லின் ஃபோன் செய்து, எப்படியிருக்கிறது என்று ஆவலாகக் கேட்டான்.

"ரெண்டு கையும் சும்மா இருக்கிறவங்களுக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றாள் ஷைனி.

அவன் முகம் செத்துப்போனது. கணினியில் அந்தத் திரையைத் திறந்து பலகையைச் சிறிதாக்கினான். எழுத்தைக் கொட்டையாக்கினான். பொத்தானைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கினான். இடத்தை மாற்ற மட்டும் அவன் கை போகவில்லை. முக்கியமானதை உச்சியில் வைத்தே பழகிய கை. கடைசியில் அவனுடைய மவுஸின் அம்புக்குறி என்ன செய்வதென்று தெரியாமல் வந்து நின்றபோது, பொத்தானே வாய் திறந்தது.

"என்னைக் கீழே கொண்டுபோய் விடு."

அம்புக்குறிக்கு நம்பிக்கை வரவில்லை. ஏற்றிவிடச் சொல்லித்தான் எல்லாரும் தன்னைப் பிடுங்குவார்கள், இறக்கிவிடச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை என்றது. பலகைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"போ போ, செருப்புக்குக் காவல் இருக்க ஆள் இல்லாமத்தான் கிடக்கு."

ரெக்ஸ்லினுக்கும் அந்நேரம் ஏதோ பொறிதட்டியது. அம்புக்குறி பொத்தானைப் பிடித்துக்கொண்டு கீழே கீழே இறங்கியது. நிபந்தனை வரி ஒதுங்கி இடம்விட்டது. பழைய கேலியை அது சொல்லிக்காட்டவே இல்லை.

"இங்கே நம்மை யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டாங்க. ஆனா கை வந்து படும்" என்றது.

மறுநாளும் அம்மாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. மத்தியானம் பிள்ளை அதே வலது கையில் தூங்க, ஷைனி பயந்து பயந்துதான் கைப்பேசியைத் தொட்டாள். விரல் ஊருக்குள் நுழைந்ததுமே எதிரில் பொத்தான் நின்றது. நீயா, இங்கேயா என்று விரல் திகைத்தது.

"நேத்து உன்னைப் பட்டினி போட்டுட்டேன்" என்றது பொத்தான். "இனி நீ எம்ப வேண்டாம்."

ஒரே தொடலில் முடிந்தது. பிள்ளையின் முகத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆண்டவரே, நன்றி என்று முணுமுணுத்து, அந்த விரலாலேயே பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டாள். வலது கையால் போடுவதுதான் முறை. அன்றைக்கு இடது கைதான் சும்மா இருந்தது.

சோறு ஆவி பறக்க வந்தது. மெஸ் பெண் கட்டிலோரம் எடுத்துவைத்து, ஸ்பூனையும் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பூண்டுக் குழம்பில் பிசைந்த சோற்றை ஷைனி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அனுப்பியவர்கள் நல்லாயிருக்கணும் என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு பிள்ளை எழுந்தது. அதை மார்போடு அணைத்தபோது கைப்பேசி மடியில் சரிந்து, அதன் அடிப்பக்கம் அவள் வயிற்றில் சாய்ந்து நின்றது.

உச்சியிலிருந்து பலகை குரல் கொடுத்தது. "அடியிலே கிடக்கியே, அங்கே என்னதான் தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை" என்றது பொத்தான். "கொஞ்சம் சத்தம் போடாம இரு. பிள்ளை பால் குடிக்குது."