நாலாவது திரையில் நின்றவள்

மனைவி பிலோமியை ரோச் கடைசியாக உயிரோடு பார்த்தது கம்ப்யூட்டர் சென்டரின் மாடிப்படியில். ஞாயிற்றுக்கிழமை மதியம். இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள்.

"மக்ரூன் வாங்கிட்டு வாறேன். என் ஆளை யாரும் தொடாதீங்க. கருப்பசாமி, உன்னையத்தான் சொல்லுதேன்."

கருப்பசாமி உள்ளேயிருந்து சிரித்தான். விளையாட்டின் நடுவில் யாராவது எழுந்து போனால் அவர்களுடைய மவுஸைப் பிடித்து அவர்களுடைய ஆளை ஆட வைப்பது அவன் வழக்கம்.

பிலோமி பேக்கரி வாசலில் விழுந்தாள். மாரடைப்பு என்றார்கள். ஆட்டோவில் ஏற்றும்போதே மூச்சு இல்லை.

மாடியில், அவளுடைய திரையில், அவள் நிறுத்திவிட்டுப் போன இடத்தில் அவளுடைய ஆள் நின்றுகொண்டிருந்தாள்.

அது நான்கு பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு. ஆளுக்கு ஒருவரை உருவாக்கி, கோட்டைக்குள் ஒவ்வொரு தளமாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ரோச்சின் ஆள் கேடயக்காரன். முன்னால் நின்று அடி வாங்குவது அவன் வேலை. கருப்பசாமியின் ஆள் வில்லாளி. ஹில்டாவின் ஆள் நெருப்பு எறிபவள். பிலோமியின் ஆள் வைத்தியச்சி. தான் பிறந்த ஊர்ப் பெயரை வைத்து அவளுக்கு மணப்பாட்டாள் என்று பெயரிட்டிருந்தாள்.

மற்ற விளையாட்டுகளில் செத்தவர்கள் எழுந்து வருவார்கள். இதில் வரமாட்டார்கள். செத்தவரின் பெயர் சாம்பல் நிறமாகிவிடும். புதிதாக ஓர் ஆளை முதலிலிருந்து வளர்த்துக் கொண்டுவர மாதக்கணக்காகும்.

சென்டரை நடத்தியவள் முத்துப்பேச்சி. முப்பது வயது. அந்தக் கோட்டையில் அவளுக்குத் தெரியாத மூலை இல்லை. கருப்பசாமிதான் முதலில் கேலியாக ஆசான் என்று கூப்பிட்டான். பிறகு ரோச்சும் கூப்பிட்டார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. துறைமுகத்துக்கு வெளியே எடைமேடையில் வேலை. அவர் கேலியாகக் கூப்பிடவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ரோச் மாடியேறினார். நாலாவது கம்ப்யூட்டரைப் போட்டார். மணப்பாட்டாள் சத்திரத்து அடுப்படியில் நின்றாள். நெருப்பில் கை காய்ச்சினாள். நழுவும் மருந்துப் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். மறுபடி கை காய்ச்சினாள். சும்மா நிற்கும் ஆட்களை எல்லாம் விளையாட்டு அப்படித்தான் செய்ய வைக்கும். ரோச்சுக்கும் அது தெரியும்.

"இதை யாரும் தொடக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மணப்பாட்டாள் ஓர் அடிகூட நகரவில்லை.

சத்திரத்துக்கு அடுத்த அறை உலைராசனுடையது. அந்தக் கோட்டையின் பெரிய பாஸ் அவன்தான். அவனைக் கொன்றால்தான் பின்னால் வழி திறக்கும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க பிலோமி ஆசைப்பட்டாள். சோறு வடிக்கும்போதுகூட அதைப் பற்றிப் பேசுவாள்.

"அவளுக்காக அவனை முடிக்கணும்" என்றார் ரோச்.

வைத்தியச்சி இல்லாமல் அவன் முன்னால் நிற்க முடியாது. ஹில்டா ஒன்றும் சொல்லாமல் தன் நெருப்புக்காரியை ஓரம் கட்டினாள். இரண்டு வருஷம் வளர்த்தவள். புதிதாக ஒரு வைத்தியச்சியை உருவாக்கினாள்.

அவள் உலைராசனிடம் செத்தாள். ஹில்டா இன்னொருத்தியை வளர்த்தாள். அவளும் அங்கேயே செத்தாள்.

இப்போது இருப்பவள் மூன்றாவது.

அவளோடு உள்ளே போகவிருந்த ஞாயிறு ரோச் முன்பு எப்போதும் செய்யாத அளவுக்குத் தயார் செய்திருந்தார். கேடயத்துக்கு நெருப்புத் தாங்கும் எண்ணெய். வில்லாளிக்குப் பனி அம்புகள். மருந்துக் குப்பிகளை மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். யார் எங்கே நிற்பது என்று காட்ட மேசைமேல் வறுகடலையை வரிசையாக வைத்தார்.

"இது நான். உலைராசன் மூணு தடவை சம்மட்டியால அடிப்பான். அப்புறம் மூச்சு இழுப்பான். மூச்சு இழுக்கும்போது எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால. இது கருப்பசாமி. இது ஹில்டா."

கருப்பசாமி ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டான்.

"ஏல, அது ஹில்டா."

"ஐயோ. நான் என்னையத்தான் தின்னேன்னு நெனச்சேன்."

"எப்படியும் முதல்ல சாகப்போறது நான்தான். தின்னுட்டுப் போகட்டும் அண்ணாச்சி" என்றாள் ஹில்டா.

ரோச் சிரிக்கவில்லை. முத்துப்பேச்சியைக் கூப்பிட்டார்.

"ஆசான், ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. தயாரிப்புல ஏதாவது குறையுதா?"

முத்துப்பேச்சி வந்து மூன்று திரைகளையும் பார்த்தாள். பைகளைத் திறந்து பார்த்தாள். கடலைகளையும் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆள் ஒண்ணு குறையுது."

"நாலாவது ஆள் கிடையாது."

அவள் நாலாவது திரையைப் பார்த்தாள். மணப்பாட்டாள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அவ வரமாட்டா" என்றார் ரோச்.

"யாருக்காகப் போறீங்க?"

"அவளுக்காக."

"அவங்களை விட்டுட்டா?"

கருப்பசாமி கடலை மெல்லுவதை நிறுத்தினான்.

முத்துப்பேச்சி ஹில்டாவின் திரைப் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, இதுக்கு முன்னாடி ரெண்டு வைத்தியச்சி செத்தாங்களே. அவங்க பேரு என்ன?"

"ஹில்டாவோட ஆளுங்க."

"பேரு கேட்டேன்."

ரோச் யோசித்தார். அந்த இரண்டு பேரும் மாதக்கணக்கில் அவருடைய ஆளின் பின்னாலேயே நடந்தவர்கள். அவனுக்கு வாரா வாரம் காயம் கட்டியவர்கள். அவருக்கு ஒரு பெயரும் வரவில்லை. ஹில்டாவைப் பார்த்தார். அவள் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் ஆளு மல்லி" என்றாள். "ரெண்டாவது கனகாம்பரம். இவ பிச்சி."

"அடுத்தது எருக்கம்பூதான்" என்றான் கருப்பசாமி. யாரும் சிரிக்காததால் அவனே, "சும்மா சொன்னேன்க்கா" என்றான்.

ரோச்சின் முகம் வெளுத்திருந்தது. "இந்தத் தடவை இவளைச் சாக விடமாட்டேன்" என்றார்.

"சரி" என்றாள் முத்துப்பேச்சி. "போங்க."

கதவைத் திறந்தார்கள்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. சம்மட்டி மூன்று முறை கேடயத்தில் விழுந்தது. கேடயம் தாங்கியது. உலைராசன் மூச்சு இழுத்தபோது எல்லோரும் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். நெருப்பு இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு போனது. கருப்பசாமியின் அம்புகள் ஒவ்வொன்றாக அவன் மார்பில் ஏறின.

"விழுதான், விழுதான்" என்று கருப்பசாமி கத்தினான்.

உயிர் பாதிக்குக் கீழே இறங்கியதும் உலைராசன் முறையை மாற்றினான். நான்காவது முறையும் சம்மட்டியை ஓங்கினான். அதற்கு முன்னால் அவன் அப்படிச் செய்து அவர்கள் பார்த்ததில்லை. அதுவரை யாரும் அவ்வளவு நேரம் உயிரோடு இருந்ததுமில்லை. அடி தரையில் விழுந்து அறையே குலுங்கியது. பிச்சி தூக்கி எறியப்பட்டு இடப்பக்கச் சுவரோரம் போய் விழுந்தாள்.

"எழுந்திரு, எழுந்திரு" என்றார் ரோச்.

"எழும்ப முடியல அண்ணாச்சி. மருந்துக்குக் கை போகல."

பிச்சியின் உயிர்க்கோடு நகக்கீற்று அளவுக்கு இருந்தது.

"நான் அவன் கண்ணுல அம்பு போடுதேன். அவளை மறைங்க" என்றான் கருப்பசாமி.

"தூரம். எட்டாது."

"விடுங்க அண்ணாச்சி" என்றாள் ஹில்டா. "நீங்க ரெண்டு பேரும் வெளிய ஓடிருங்க. நான் இன்னொருத்தியை வளத்துக்கிடுதேன்."

அப்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

மூன்று பேரும் உள்ளேதான் இருந்தார்கள். வெளியே யாரும் இல்லை. ரோச் தன் ஆளைத் திருப்பிப் பார்த்தார்.

மணப்பாட்டாள் கதவைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தாள். தோளில் மருந்துப் பை குலுங்கியது.

ஹில்டா வாயைப் பொத்திக்கொண்டாள். கருப்பசாமியின் கை மவுஸிலிருந்து தானாக விலகியது.

ரோச் தலையைத் திருப்பினார். நாலாவது நாற்காலியில் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். பிலோமியின் மவுஸ் அவள் கையில் இருந்தது.

ரோச் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"கையை எடுடி."

அவர் யாரையும் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

"தொடாதேன்னு சொல்லிட்டுப் போனா. அவ கை நிறுத்துன இடம் அது. யாரைக் கேட்டு நகத்துன?"

முத்துப்பேச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மணப்பாட்டாள் ஓடிக்கொண்டே மருந்தை வீசினாள். பிச்சியின் உயிர்க்கோடு கொஞ்சம் ஏறியது. உலைராசன் தலையைத் திருப்பி, புதிதாக வந்தவளைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, கேடயம்!" கருப்பசாமி அலறினான். ரோச்சின் ஆள் பொம்மைபோல் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"அவளை வெளிய கூட்டிட்டுப் போ" என்றார் ரோச். "ஆசான், உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். வெளிய கூட்டிட்டுப் போங்க."

"நாலு பேரும் உள்ள வந்ததும் கதவு மூடிருச்சு" என்றாள் முத்துப்பேச்சி. "அடுத்த அடி வருது. யாரை மறைக்கணுமோ மறைங்க."

ரோச் நின்றபடியே குனிந்து மவுஸைப் பிடித்தார்.

இடப்பக்கம் சுவரோரம் பிச்சி, முழங்காலில் எழுந்துகொண்டிருந்தாள். வலப்பக்கம் மணப்பாட்டாள். சம்மட்டி மேலே போனது. கேடயத்தை ஒரு பக்கம்தான் திருப்ப முடியும்.

"என்னைய விடுங்க அண்ணாச்சி" என்றாள் ஹில்டா. "நான் வேற ஆளு வச்சிக்கிடுவேன்."

கேடயக்காரன் ஓடினான். இடப்பக்கம் ஓடினான்.

அடி இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது, அதிர்வு இரண்டு பக்கமும் பாய்ந்தது. கேடயத்துக்குப் பின்னால் பிச்சி ஒடுங்கிக் கிடந்தாள். கேடயம் பிளந்தது, ஆனால் விழவில்லை. அதே நேரம் கருப்பசாமியின் அம்பு உலைராசனின் கண்ணில் ஏறியது. அவன் முழங்கால் மடிந்தது. மலை சரிவதுபோல் முன்னால் சரிந்தான்.

யாரும் கத்தவில்லை.

வலப்பக்கம் மணப்பாட்டாள் முகம் குப்புறக் கிடந்தாள். அவளைச் சுற்றி நிறம் மெதுவாக வடிந்தது. பெயர் சாம்பல் நிறமானது. நாலாவது திரை இருண்டது. அதில் முத்துப்பேச்சியின் முகம் தெரிந்தது.

கீழே தெருவில் யாரோ ஐஸ் விற்றுக்கொண்டு போனார்கள். மணி அடித்துக்கொண்டே போனது.

"நான் கேக்கல அண்ணாச்சி" என்றாள் ஹில்டா. அவள் அழுதுகொண்டிருந்தாள். "சத்தியமா நான் கூப்பிடச் சொல்லல."

"தெரியும்மா."

ரோச் விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தினார். ஆனால் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் ஆசான்?"

முத்துப்பேச்சி எழுந்திருக்கவில்லை.

"அங்கேயே விட்டிருந்தா அவ இருந்திருப்பா" என்றார். "நான் பாட்டுக்கு வந்து பாத்துட்டுப் போயிருப்பேன். யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல."

"பிச்சி?"

அவர் இருண்ட திரையைப் பார்த்தார்.

"பிச்சி இருந்திருப்பாளா அண்ணாச்சி?"

"செத்திருப்பா."

"அப்ப கதவு திறந்துதான் கிடந்துச்சு. ஹில்டா அக்கா பேசினது எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு." முத்துப்பேச்சி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அடுத்த அறையில ஒருத்தி சாகக் கிடக்கா. பிலோமி அக்கா அடுப்புல கை காய்ச்சிக்கிட்டு நின்னிருப்பாங்களா? எனக்குத் தெரியாது. கூட வாழ்ந்தது நீங்க. நீங்க சொல்லுங்க."

ரோச் நாற்காலியை இழுத்து, தன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

உலைராசனுக்குப் பின்னால் சுவரில் ஒரு வழி திறந்திருந்தது. அதன் முன்னால் மூன்று பேர் நின்றார்கள்.