செண்பகவடிவு அமெரிக்காவில் விட்டது

உலகத்தில் புத்திசாலிகள் எங்கே வேண்டுமானாலும் பிறந்துவிட்டுப் போகட்டும். தவசிலிங்கம், அவர் மனைவி செண்பகவடிவு, அவளுடைய தம்பி அம்பலவாணன் ஆகிய மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒன்றுசேர அருப்புக்கோட்டை கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

துபாயில் வேலை பார்க்கும் மகன், அம்மாவும் அப்பாவும் நாலு இடம் பார்த்து வரட்டும் என்று ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்த்துவிட்டான். நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ, லாஸ் வேகஸ், சான் பிரான்சிஸ்கோ என்று ஊர் ஊராகப் போகிற குழு. துணைக்கு மாமாவையும் அனுப்பினான். ஏனென்றால் அந்த வீட்டில் அம்பலவாணன் ஒருவர்தான் காசி வரைக்கும் போய் வந்தவர். வெளியூர் விஷயம் எதுவானாலும் அவர் சொல்வதுதான் சட்டம்.

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவது வழக்கம். அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது. விவரமானவர்கள் சுண்டைக்காயை விட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பி வருவார்கள். அம்பலவாணன் நேர்மையானவர். உயிருக்கு உயிரான இட்டிலியையே விட்டார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் இட்டிலி சாப்பிடும்போது அவர் மட்டும் அடுத்த அறையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

விமானம் கிளம்பியதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"காசிக்கே ஒண்ணு விட்டேன். அமெரிக்கா அதைவிடத் தூரம். அப்ப எத்தனை விடணும் அத்தான்?"

தவசிலிங்கம் நெடுநேரம் யோசித்தார். "தூரத்துக்குத் தக்கன விட்டா, திங்கறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது மாப்ளே."

"ஊருக்கு ஒண்ணுன்னு வச்சுக்குவோம். ஆனா ரொம்பப் பிடிச்சதாத்தான் இருக்கணும். கள்ளாட்டம் கூடாது" என்றாள் வடிவு.

எப்போது விட வேண்டும் என்ற கேள்விக்கு, மனசில் தோன்றிய மறு நிமிஷமே விட வேண்டும், அங்கேயே அமலுக்கு வரும் என்று அம்பலவாணன் தீர்ப்புச் சொன்னார். மூவரும் ஒப்புக்கொண்டு சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்கள்.

குழுவின் வழிகாட்டி நாகர்கோவில்காரர், பெயர் ஞானராஜ். நல்ல மனுஷன். அந்தச் சம்பளத்துக்கு அவர் பட்டது அதிகம் என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

நியூயார்க்கில் வானத்தைத் தொடுகிற ஒரு கட்டடத்தின் உச்சிக்கு லிப்ட்டில் கூட்டிப்போனார். எல்லோரும் கண்ணாடி வழியாக ஊரைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். வடிவு அந்த உயரத்தில் நின்றுகொண்டு கத்தரிக்காயை விட்டாள். அம்பலவாணன் ஜன்னலோர சீட்டை விட்டார். தவசிலிங்கம் மட்டும் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏறி வந்த லிப்ட்டின் கதவையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். காது அடைத்து, வயிற்றுக்குள் ஜிவ்வென்று ஒன்று ஏறியதே, அந்தச் சுகத்தை அவர் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. கையைக் கூப்பி, இனி ஆயுசுக்கும் லிப்ட்டில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார்.

"கீழ இறங்கிட்டு விட்டிருக்கலாமே அங்கிள்" என்றார் ஞானராஜ்.

"தோணினது மேலதானே தம்பி" என்றார் தவசிலிங்கம்.

படிக்கட்டு வழியாக விடக் காவலாளி மறுத்தார். அவருக்குப் புரியவைக்க ஞானராஜ் காசி யாத்திரை முழுவதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்த காவலாளி மனம் இளகித் தானும் கூடவே இறங்கி வந்தார். கீழே வந்து சேர்ந்தபோது எல்லோருடைய முழங்காலும் தையல் மிஷின் ஊசி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் காத்திருந்தவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டிருந்தார்கள்.

வாஷிங்டனில் கூட்டம் அதிகம். ஞானராஜ் கிளி படம் போட்ட மஞ்சள் கொடி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, எல்லோரும் கொடியையே பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்று சொன்னார். மூவரும் அப்படியே வந்தார்கள். வெள்ளை மாளிகை வந்தது, போனது. பெரிய தூண் வந்தது. அதில் தவசிலிங்கம் முட்டிக்கொண்டார், அப்போதும் கொடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சாயங்காலம் வாஷிங்டனில் என்ன பிடித்தது என்று கேட்டபோது, கிளியின் மூக்கு ரொம்ப நன்றாக இருந்தது என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அம்பலவாணன் உணர்ச்சிவசப்பட்டு அந்தக் கொடியைப் பார்ப்பதையே விட்டார். தவசிலிங்கம் வெற்றிலையை விட்டார். வடிவு காபியை விட்டாள்.

காபி என்று அவள் சொன்னதும் தவசிலிங்கத்தின் முகம் சுருங்கிப்போயிற்று. ஹோட்டலுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வடிவு, முதல்ல கத்தரிக்காய். இப்ப காபி. அப்ப நான் எத்தனையாவது?"

"எதுல எத்தனையாவது?"

"உனக்கு ரொம்பப் பிடிச்சதுல."

வடிவு பொய் பேசத் தெரியாதவள். "ஒவ்வொண்ணாத்தானே மனசுல வருது. இன்னும் ஊரு இருக்குல்லங்க" என்று சொல்லிவிட்டுத் தலைவலியோடு படுத்துக்கொண்டாள். காபி இல்லாத தலைவலி.

தவசிலிங்கத்துக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, ஒரு கத்தரிக்காய்க்குப் பின்னால் நிற்கிறோமே என்று புரண்டு புரண்டு படுத்தார். இந்தப் பயணம் முடிவதற்குள் மனைவி தன்னை விட்டாக வேண்டும் என்று உறுதி செய்துகொண்டார்.

சிகாகோவில் காரியத்தில் இறங்கினார். வடிவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடந்தார். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். காற்றில் பறந்த அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கூட வந்தார். பூங்காவில் பளபளவென்று பெரிய மொச்சைக்கொட்டை மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள், அதில் நம் முகம் தெரியும். தன் முகம் இவ்வளவு அகலமாக, இவ்வளவு களையாக அவர் பார்த்ததே இல்லை. உடனே கண்ணாடி பார்ப்பதை விட்டார். மறுநாள் காலையில் அம்பலவாணன் எதிரே நின்று வலது, இடது என்று சொல்லச் சொல்ல அவர் சவரம் செய்துகொண்டார். எதிரே நிற்பவனுக்கு வலது எது என்ற விவாதம் முடிவதற்குள் பாதி மீசை போய்விட்டது.

அம்பலவாணனோ கொடியைப் பார்க்கக் கூடாதே என்று தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நடந்து, ஒரு சீனக் குழுவோடு கலந்துவிட்டார். அவர்களும் அவரை அன்பாகப் படகில் ஏற்றி, சாப்பாடு போட்டு, சாயங்காலம் எண்ணிப் பார்க்கும்போதுதான் ஆள் ஒன்று கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

பையைச் சுமந்த அன்றைக்குச் சாயங்காலமே வடிவு கண் கலங்கிச் சொன்னாள்: "நீங்க என் பையைத் தூக்கிட்டு வந்தீங்களே, கல்யாணமானதுல இருந்து எனக்கு இவ்வளவு சந்தோஷமா இருந்ததில்லை." தவசிலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதனால பையை நீங்க தூக்குறதை விட்டுட்டேன்" என்று முடித்துவிட்டு, பையை வாங்கிக்கொண்டாள்.

லாஸ் வேகஸில் அவர் நடந்து களைத்த அவள் காலைப் பிடித்துவிட்டார். சுகமாக இருந்ததால் அதையும் விட்டாள். பாவம், அந்த மனுஷன் எதைச் செய்தாலும் அது கையைவிட்டுப் போயிற்று. வண்ண விளக்குகளோடு தண்ணீர் ஆடுகிற குளத்தின் கரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். சூதாட்டத்தில் தோற்றவர் என்று நினைத்து வழியில் போனவர்கள் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அம்பலவாணன் பக்கத்தில் வந்து, பெரிய பொருளைக் கடைசியில்தான் விடுவார்கள், நானே காசியில் கடைசிப் படித்துறையில்தான் இட்டிலியை விட்டேன் என்று தேற்றினார்.

கடைசி ஊர் சான் பிரான்சிஸ்கோ. உலகப் புகழ் பெற்ற சிவப்புப் பாலத்தைப் பார்க்கப் போனார்கள். ஒரே மூடுபனி. பாலம் அங்கேதான் இருக்கிறது என்று ஞானராஜ் வெள்ளையாக ஓர் இடத்தைக் காட்டினார். மூவரும் நம்பி அந்த இடத்தைக் கும்பிட்டார்கள். வடிவு கண்ணை மூடினாள். தவசிலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்களைத்தாங்க" என்றாள் வடிவு.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய், என் மனைவி என்னை விட்டுவிட்டாள் என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னார். அவர்கள் துக்கம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். நன்றி, நன்றி என்று எல்லோருக்கும் கை கொடுத்தார்.

விமான நிலையத்துக்குப் போகிற வழியில்தான் அம்பலவாணன் இருமினார்.

"அக்கா, ஒரு சிக்கல். விட்டதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது."

வடிவு புருஷனின் கையைப் பிடிக்கப் போனாள். பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இவரை இங்கயே வச்சுட்டுப் போறதா? குளுருல சளி பிடிச்சுக்குமேடா."

"நீ கொண்டுபோகத்தானே கூடாது. என் சாமானோட சாமானா நான் எடுத்துட்டு வர்றேன்."

"வந்து எங்க இருப்பாரு? நீயும் எங்க வீட்டுலதானே இருக்க."

மூவரும் அழுதார்கள். தவசிலிங்கம் பாலத்தடியிலேயே இருந்துகொள்வதாகவும், மாதம் ஒரு தரம் முறுக்கு அனுப்பினால் போதும் என்றும் சொன்னார். சொல்லும்போதே வாய் கோணிக்கொண்டது. வீடு, வாசல், வடிவு வைக்கும் ரசம் எல்லாம் கண்முன் வந்து நின்றன. அவருக்கு ஊருக்குப் போக வேண்டும். அவளோடு போக வேண்டும்.

விமான நிலையத்தில் பெட்டிகளைப் படிக்கட்டு வழியாகவே மேலே ஏற்றி முடித்தபோது அம்பலவாணனுக்குப் பொறி தட்டியது. பிடித்ததைத்தானே விடுகிறோம். அத்தானை அக்காவுக்குப் பிடிக்காமல் போய்விட்டால், அவர் கணக்கில் வரமாட்டார். தாராளமாக வீட்டுக்குக் கூட்டிப்போகலாம்.

விமானம் கிளம்ப நேரம் கொஞ்சம்தான் இருந்தது. தவசிலிங்கம் உடனே முயற்சியை ஆரம்பித்தார். உன் சாம்பார் வாயில் வைக்க விளங்காது என்றார். இத்தனை நாள் சொல்லாமல் சாப்பிட்டீர்களே என்று வடிவு உருகினாள். உனக்கு வயதாகிவிட்டது என்றார். நம் இரண்டு பேருக்கும் சேர்ந்துதானே ஆயிற்று என்றாள். அவளுடைய பாஸ்போர்ட் படம் பேய் மாதிரி இருக்கிறது என்றார். இவர் என் படத்தையெல்லாம் கவனித்துப் பார்க்கிறாரே என்று அவளுக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. கடைசி அழைப்பு வந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். தவசிலிங்கம் அம்பலவாணன் பக்கம் கையை நீட்டினார்.

"உன் தம்பி ஒரு முட்டாள்" என்றார். "உங்க வம்சத்துலயே ஒருத்தருக்கும் மூளை கிடையாது."

இந்தப் பயணத்தில் யாராவது ஓர் உண்மையைச் சொன்னார்கள் என்றால் அது இந்த ஓர் இடத்தில்தான்.

வடிவு நிமிர்ந்தாள். மூக்கு விடைத்தது. "எந்தம்பியையா சொன்னீங்க? உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்? உங்க மூஞ்சியைப் பாக்கவே எனக்குப் பிடிக்கலை."

"ஆச்சு அத்தான், ஆச்சு. வாங்க ஏறுவோம்" என்று அம்பலவாணன் ஆனந்தக் கண்ணீரோடு முட்டாள் என்று சொன்னவரைக் கட்டிக்கொண்டார். வடிவு புருஷனின் கையை இறுக்கிப் பிடித்து, திட்டிக்கொண்டே விமானத்துக்குள் இழுத்துப்போனாள்.

உள்ளேயும் திட்டு நிற்கவில்லை. அவள் தண்ணீர் குடிக்க நிறுத்தினால்கூடத் தவசிலிங்கம் பயந்துபோய், உன் தம்பி முட்டாள் என்று மெல்ல ஞாபகப்படுத்துவார். இதைக் கவனித்த பணிப்பெண், தமிழ்ப் பெண்தான், வேண்டுமானால் வேறு சீட் மாற்றித் தருவதாகச் சொன்னாள். மூன்று பேரும் சேர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, பிரித்துவிடாதே தாயே என்று கெஞ்சினார்கள்.

சாப்பாடு முடிந்தது. கீழே வெறும் கடல். தவசிலிங்கம் பட்ட பாட்டில் அப்படியே கண் அயர்ந்தார். வாய் லேசாகத் திறந்து, தலை மெதுவாகச் சரிந்து வடிவின் தோளில் வந்து நின்றது. அவள் தள்ளிவிடத்தான் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அவருடைய போர்வையை இழுத்து மூடிவிட்டது. மூடிவிட்ட பிறகுதான் திடுக்கிட்டு, பக்கத்தில் இருந்த தம்பியை உலுக்கி எழுப்பினாள்.

"டேய் அம்பலம், மோசம் போனோம்டா. மறுபடியும் பிடிக்க ஆரம்பிச்சுருச்சு."

அம்பலவாணன் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. தலைக்கு மேலே இருந்த பொத்தானை அழுத்தினார். ஓடி வந்த பணிப்பெண்ணிடம், தூங்குகிறவர் விழித்துவிடாதபடி மெதுவாகக் கேட்டார்:

"அடுத்த ஸ்டாப்பு எங்கம்மா? அத்தானை இறக்கி விடணும்."