இந்த வாரம் ஆடுமா?

"எல்லாரும் என்கிட்டதான் கேக்குறாங்க சிஸ்டர். நான் யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

சலேத் மேரி இப்படிச் சொன்னபோது சிஸ்டர் பெனிட்டா கருவியின் முள்ளுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன கேக்குறாங்க?"

"இன்னிக்கு வீட்டுக்குள்ள படுக்கலாமா, வெளிய படுக்கணுமான்னு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"படுங்கன்னு சொல்றேன். சொல்லிட்டு நான் உக்காந்திருக்கேன்."

ஏழுகல்மேட்டு மலையில், கன்னியர் மடத்துப் பள்ளிக்குப் பின்னால், ஒரு சின்னக் கல் அறை உண்டு. நிலம் நடுங்குவதை எழுதிவைக்கும் கருவி அதற்குள் இருக்கிறது. மெல்ல உருளும் தாளில் ஒரு முள் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். நிலம் அசைந்தால் கோடும் அசையும்.

சிஸ்டர் பெனிட்டா அந்தப் படிப்பைப் படித்துவிட்டு மலைக்கு வந்தவர். சலேத் அவரிடம் படிக்க வந்தவள். குருவுக்கு இருபத்தெட்டு வயது. சிஷ்யைக்கு முப்பத்திரண்டு, இடுப்பில் ஒரு பிள்ளை. ஆகவே குரு சிஷ்யையை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டு மாதம் முன்புவரை ஊருக்கு அவள் லாரி டிரைவர் அருளப்பன் பொண்டாட்டி. அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மடத்துக் கிணற்றை அளந்தாள். தண்ணீர் ஒரு முழம் கீழே போயிருந்தது. அடைமழைக் காலத்தில் கிணறு ஏன் இறங்க வேண்டும்? முள் போட்ட கோட்டிலும் பொடிப் பொடியாய் அதிர்வு. நேரே தலைமையாசிரியையிடம் போய், "இந்த வாரம் நிலம் ஆடும்" என்றாள்.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் மழைவிட்ட நேரமெல்லாம் வகுப்புகளை மைதானத்துக்கு மாற்றினார்.

வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு நிலம் ஆடியது. மூன்றாம் வகுப்பின் ஓட்டுக்கூரை அப்படியே பெஞ்சுகள்மேல் உட்கார்ந்தது. பெஞ்சில் ஒரு பிள்ளைகூட இல்லை.

முப்பத்தொன்பது பிள்ளைகள்.

அதற்குப் பிறகு சலேத் கடைத்தெருவில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முப்பத்தொன்பது தாய்மார் அவள் கையைப் பிடித்து அழுதார்கள். பேருந்து நிலையத்தில் ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை 'ஏய்' என்றே கூப்பிட்ட மாமனார், பேக்கரியில் பன்னை டீயில் முக்கியபடி, "எங்க மருமக சயின்டிஸ்ட்டு" என்றார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

பஞ்சாயத்துத் தலைவரம்மா முத்துராக்குவுக்கு ஒரு யோசனை பிறந்தது. பேருந்து நிலையத்தில் ஒரு பலகை. ஆடாத வாரம் பச்சை. ஆடும் வாரம் சிவப்பு. ஞாயிறுதோறும் சலேத் நிறம் சொல்வாள், ஊர் அதைப் பார்த்துப் படுக்கும்.

நாளைதான் அந்த முதல் ஞாயிறு.

"கிணறு?" என்றார் சிஸ்டர்.

"ஒன்றரை முழம் இறங்கியிருக்கு."

"முள்?"

"பொடிசு பொடிசா ஆடுது. அன்னிக்கு மாதிரியேதான்."

"அப்போ சிவப்புன்னு சொல்லிட வேண்டியதுதானே."

"மார்கழி சிஸ்டர்! கைக்குழந்தைங்கள வச்சுக்கிட்டு முந்நூறு வீடு மைதானத்துல படுக்கணும். ஆடாமப் போயி, பனியில ஒரு பிள்ளைக்கு நெஞ்சுச் சளி கட்டிக்கிச்சுன்னா?"

"சரி, பச்சை."

"பச்சைன்னு சொல்லி, ஆடிட்டா?"

சிஸ்டர் மை பாட்டிலை மூடினார். அலமாரியிலிருந்து, மடத்தில் ஏழு வருஷமாகக் கிணற்று அளவும் நடுக்கமும் குறித்துவந்த நீள நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். திறக்கவில்லை.

"இன்னிக்கு இறங்கினதை விட்டுடுங்க. இதுவரைக்கும் கிணறு இப்படி எத்தனை தடவை இறங்கியிருக்கு?"

சலேத்துக்கு நோட்டைத் திறக்கவே வேண்டாம். "பதினேழு."

"இறங்கின வாரம் ஆடினது?"

"ஒண்ணு."

"இறங்காமலே ஆடினது?"

"நாலு."

"மத்த பதினாறு தடவைக்கு யாரும் மாலை போடல. இல்லக்கா?"

சலேத்துக்குச் சுருக்கென்றது. "அப்போ நான் சொன்னது குருட்டாம்போக்குங்கிறீங்க. முப்பத்தொன்பது பிள்ளைங்க சிஸ்டர்!"

"முப்பத்தொன்பது. அதுல ஒருத்தரைக்கூட நான் குறைக்கல."

சலேத் முள் கீறும் தாளைப் பார்த்தபடி கேட்டாள்.

"பெரிய பெரிய நாட்டுல பெரிய பெரிய கருவி வச்சிருக்காங்களே. அவங்களுக்காவது தெரியுமா?"

"எழுதிக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"எந்த இடம் ஆடும்னு சொல்றாங்க. இத்தனை வருஷத்துக்குள்ள ஆடலாம்னு சொல்றாங்க. வியாழக்கிழமைன்னு ஒருத்தரும் சொல்லல."

"அப்போ நாளைக்கு நான் என்னதான் சொல்றது?"

சிஸ்டர் எழுந்து அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அக்கா, உங்க வீட்டுல டீ கிடைக்குமா?"

இத்தனை நாளில் சிஸ்டர் அவள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

வீட்டு வாசலில் முத்துராக்கு நின்றிருந்தார். பக்கத்தில் ஏணியைச் சாய்த்துவிட்டுப் பெயிண்டர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சிஸ்டரைப் பார்த்ததும் பீடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"வாங்க சிஸ்டர். ஏ சலேத்து, பச்சை ஒரு டப்பா, சிவப்பு ஒரு டப்பா, ரெண்டும் ரெடி. இப்போ அடிச்சாத்தான் காலையில காயும். சட்டுன்னு சொல்லு."

"ஒரு நிமிஷம் தலைவரம்மா. சிஸ்டருக்கு ஒரு டீ..."

உள்ளே மாமனாரின் மடியில் உட்கார்ந்து ரஸ்க் கடித்துக்கொண்டிருந்தான் ஜெனோ. வயது ஒன்றரை. சிஸ்டர் அவன் கன்னத்தைத் தொட்டார்.

"பிள்ளை எங்க படுப்பான்?"

"அதோ, அந்தச் சுவரோரம்."

சிஸ்டர் செருப்பைக் கழற்றினார். சுவரோரம் விரித்திருந்த சின்னப் பாய்க்குப் போனார். சின்னத் தலையணையில் தலையை வைத்து, முழங்காலுக்குக் கீழே கால்கள் தரையில் கிடக்க, வெள்ளை அங்கியோடு மல்லாந்து படுத்துவிட்டார்.

முத்துராக்கு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏண்டி, சிஸ்டருக்கு மயக்கம் கியக்கமா? தண்ணி தெளி."

மயக்கமில்லை. கண் திறந்திருந்தது. சிஸ்டர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

சலேத் கொஞ்சம் நின்றாள். பிறகு அவளும் பக்கத்தில் படுத்தாள்.

அந்த இடத்தில் அவள் ஒருநாளும் தலை சாய்த்ததில்லை. பிள்ளையைக் கிடத்துவாள், குனிந்து முத்தம் கொடுப்பாள், நிமிர்ந்துவிடுவாள்.

தலைக்கு நேர் மேலே, இரண்டு இரும்புத் தாங்கிகளின்மேல் ஒரு கடப்பாக்கல் பலகை. பலகையின்மேல் ஏழு கேடயங்கள். பள்ளி கொடுத்தது, பஞ்சாயத்து கொடுத்தது, அரிமா சங்கம் கொடுத்தது. எல்லாம் கருங்கல் அடி வைத்தவை. நடுவில், இரும்பில் வார்த்த உலக உருண்டை ஒன்று, தேங்காய் அளவுக்கு.

பலகையை அடிக்கச் சொன்னவள் அவள்தான். இடம் பார்த்தவளும் அவள்தான். பிள்ளை கண் விழித்ததும் அம்மாவின் பெருமையைப் பார்த்து எழுந்திருக்கட்டும் என்று.

இரண்டு மாதமாக அவன் அப்படித்தான் எழுந்திருக்கிறான்.

உலக உருண்டை, வைத்த இடத்திலிருந்து ஒரு விரல் முன்னால் நகர்ந்திருந்தது.

சலேத் அதையே பார்த்தாள். ஒவ்வொரு ராத்திரியும் கூடத்தில் உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையை வைத்து, ஆடுகிறதா ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாளும் மேலே பார்க்கவில்லை.

பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"டீக்குச் சர்க்கரை கம்மியா, அக்கா."

சலேத் எழுந்தாள். முதலில் பாயைச் சுருட்டி எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கேடயங்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். உலக உருண்டையைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

தரையிலும் அவை பளபளவென்றுதான் இருந்தன.

"என்னடி பண்ணிக்கிட்டிருக்க?" முத்துராக்குவுக்குப் பொறுமை போய்விட்டது. "பச்சையா, சிவப்பா?"

சலேத் முக்காலியிலிருந்து இறங்கினாள். பாராட்டு விழாவில் மைக்கைப் பிடித்தபோது அவள் குரல் நடுங்கியது ஊருக்கே தெரியும். இப்போது நடுங்கவில்லை.

"தெரியாது, தலைவரம்மா."

"என்னது?"

"இந்த வாரம் ஆடுமான்னு எனக்குத் தெரியாது. ஏழு வருஷ நோட்டு முழுக்கப் பார்த்துட்டுச் சொல்றேன், தெரியாது. தெரியும்னு எவனாவது வந்தா, அவன் நோட்டைக் காட்டச் சொல்லுங்க."

"உன் படத்தை அத்தாம்பெரிசா வச்சிருக்கோம். ஊர் சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். உங்க பேத்தி எங்க படுப்பா?"

"எங்க படுப்பா, என்கூடத்தான். கட்டில்ல."

"கட்டில் எங்க கிடக்கு?"

"உள்ரூம்புல, பரணுக்குக் கீழ."

"பரண்ல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? பித்தளை அண்டா ரெண்டு. எங்க மாமியாரோட ஆட்டுக்கல்லு..."

முத்துராக்கு நிறுத்திக்கொண்டார்.

சிஸ்டர் பெனிட்டா அடுப்படிக்குப் போய்த் தன் டீயைத் தானே போட ஆரம்பித்தார்.

சலேத் ஜெனோவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெரு நெடுக வீடுகள். ஓடும் தகரமும் காங்கிரீட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பாய், ஒரு கட்டில், ஒரு தூளி; அதற்கு மேலே என்ன இருக்கிறதோ.

பெயிண்டர் இரண்டு டப்பாக்களையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். "எதைத் திறக்கட்டும் தங்கச்சி?"

"அதை வைங்கண்ணே. ஏணியைத் தூக்கிட்டு எங்கூட வாங்க."