பட்டியலில் இல்லாதவர்

மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மேசை மேசையாக நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே போகும் மலையூர் அது. அங்கே ஓர் அறையில் ஒரு குருவும் சீடரும் இருந்தார்கள். குரு மதுரவல்லிக்கு முப்பத்திரண்டு வயது. சீடர் தவசீலனுக்கு ஐம்பத்தொன்று. ஏற்பாடு தலைகீழ்தான். இருவருக்கும் அதில் வருத்தமில்லை.

சுற்றுவட்டாரத்து ரத்த வங்கிகளின் பதிவுகள் எல்லாம் அந்த அறையின் டேட்டாபேஸில் இருந்தன. ஒரு பதிவில் ஒருவர் வேலை செய்யும்போது பிறர் மாற்றாதபடி அது பூட்டிக்கொள்ளும்; மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். எந்தப் பதிவை யார் பூட்டியிருக்கிறார், யார் காத்திருக்கிறார் என்று திரையில் வரிவரியாக ஓடும். அதைப் பார்ப்பதுதான் தவசீலனின் வேலை. முன்பு இருபத்தாறு வருடம் அணையில் நீர்மட்டம் பார்த்தவர். பார்ப்பதென்றால் அவருக்கு அலுப்பே கிடையாது.

சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டார்.

"பார்க்கிறவனால எதுவும் மாறாது இல்லையா மேடம்? அணையில நான் பார்த்து ஒரு அங்குலம் தண்ணி ஏறினதும் இல்ல, இறங்கினதும் இல்ல."

மதுரவல்லி டீயைக் குடித்து முடித்தார். பிறகு டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

ஆடி மாதத்தில் ஒரு பகல். மேகம் அன்று உள்ளே வந்து போகாமல் தங்கிவிட்டது. அறையின் சுவர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. திரை மட்டும் மிதந்தது. வரிகள் வருவதும் கரைவதுமாக இருந்தன. தவசீலன் சொக்கிப் போய் உட்கார்ந்திருந்தார்.

பிறகு வரிகள் கரையவில்லை. வந்தவை வந்த இடத்திலேயே நின்றன.

தொலைபேசி அடித்தது. கீழே ஊரில் ஒரு மருத்துவமனையின் நர்ஸ்.

"சார், ஓ நெகட்டிவ் பை கண் முன்னாடி இருக்கு. குழந்தை பேருக்குப் பதிய முடியல. பதியாம எடுக்க விடமாட்டாங்க. டாக்டர் ரெடியா நிக்கிறார்."

தவசீலன் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தார். பதினேழு பேர் காத்திருந்தார்கள். பூட்டியவர் ஒருவரும் இல்லை.

"மேடம், எல்லாரும் காத்திருக்காங்க. பிடிச்சு வச்சிருக்கிற ஆளே இல்ல. டேட்டாபேஸையே மொத்தமா நிறுத்தித் திரும்ப ஆரம்பிச்சிடட்டுமா?"

"நிறுத்தினா எழும்ப இருபது நிமிஷம். அந்தக் குழந்தைக்கு இருபது நிமிஷம் இருக்கா?"

தவசீலன் பட்டியலை மறுபடி மேலிருந்து படித்தார்.

"பட்டியல்ல உங்க பேர் எங்க சார்?"

"என் பேரா? நான் வெறுமனே பார்க்கிறவன்தானே. எதுக்கு ஒரு வரி வீணாகணும்னு, என்னை விட்டுட்டு மத்தவங்களைக் காட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

மதுரவல்லி குனிந்து, பட்டியலுக்காக அவர் எழுதி வைத்த கட்டளையில் அவரை விலக்கும் ஒரே ஒரு சொற்றொடரை அழித்தார். பட்டியல் மறுபடி விரிந்தது. பதினெட்டு வரிகள்.

முதல் வரியில் தவசீலன். காலை பத்து பத்திலிருந்து பூட்டி வைத்திருப்பவர்.

அவருக்கு நினைவு வந்தது. பத்து பத்துக்கு ஓ நெகட்டிவ் பைகளை எண்ணினார். எண்ணும்போது கணக்கு மாறிவிடக் கூடாதென்று அந்தப் பதிவுகளுக்குத் தானே ஒரு பூட்டுப் போட்டார். எண்ணி முடித்ததும் பூட்டை எடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் மேகம் வந்தது.

பூட்டை எடுத்தார்.

பதினேழு வரிகளும் சட்டென்று கரைந்தன. தொலைபேசி மறுபடி அடித்தது; அதே நர்ஸ்.

"பதிவாயிடுச்சு சார். பையை எடுத்துட்டு ஓடியிருக்காங்க. யாரு சார் இவ்வளவு நேரம் பிடிச்சு வச்சிருந்தது?"

தவசீலன் மதுரவல்லியைப் பார்த்தார். மதுரவல்லி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்குத் தெரியப் போகிறது?

"நான்தாம்மா," என்றார்.

போனை வைத்தார். வெட்கமாக இருந்தது. எழுந்து நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினார்.

"நாளையிலேர்ந்து வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க மேடம்."

மதுரவல்லி நாற்காலியைத் திரும்ப வெளியே இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க சார். இன்னைக்குத்தான் உங்க பட்டியல் முழுசாயிருக்கு."